முதலுதவிப் பெட்டியில் நலோக்சோன் வைத்த கதை

ஒன்ராறியோவில் நலோக்சோன் இலவசம். பெரும்பாலான பார்மசிகளில் கிடைக்கும். மருந்துச் சீட்டோ ஹெல்த் கார்டோ தேவையில்லை. கடும் நோவுக்குக் கொடுக்கும், போதைக்கும் எடுக்கப்படும் ஃபென்டனில், மோர்ஃபின் போன்ற ஓபியாய்ட் மருந்துகள் அளவு மீறி மூச்சு அடங்கிப்போகும் ஒருவரை மீட்பதற்கான மருந்து அது. ஆகவே, ஸ்காபரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் முதலுதவிப் பெட்டியில் அதையும் வைப்போம் என்று செயற்குழுவில் கேட்டேன்.

“எங்கட பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு?” என்றார் தலைவர் அண்ணா.

2016 தொடக்கம் கனடாவில் 50,000 பேருக்கு மேல் இப்படி இறந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். “புற்றுநோய் நோவுக்கு ஃபென்டனில் பட்டை ஒட்டுற ஆக்கள் எங்கட வீடுகளில இல்லையோ? முழங்கால் ஒப்பரேசனுக்குத் தந்த குளிசையில மிச்சம் எங்க கிடக்கு?” தலைவர் அண்ணா வீட்டு அலுமாரியிலேயே ஒரு போத்தல் கிடந்ததாம். அதோடு தீர்மானம் நிறைவேறியது. (மிஞ்சிய குளிசையைப் பார்மசியிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.)

முதலில் போன கடையில் கையிருப்பு இல்லை. அடுத்த கடையில் மருந்தாளர் உள்ளறைக்குக் கூப்பிட்டு, ஊசியா, மூக்கில் அடிப்பதா என்று கேட்டார். ஊசி எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. ஸிப் வைத்த சின்னப் பையில் நாலு மில்லிகிராம் மூக்கு மருந்து இரண்டு, கையுறை, வாயில் வாய் படாமல் மூச்சுக் கொடுக்க ஒரு மறைப்பு. “ஒருக்கா அடிச்சுப் பார்க்கலாமோ?” என்று கூட வந்த பொருளாளர் கேட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தரம் அடிக்கத்தான் மருந்து, அமத்தினால் முடிந்தது என்றார் மருந்தாளர்.

செய்முறையை ஒரு தாளில் தமிழில் எழுதினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தட்ட வேண்டும். எழும்பாவிட்டால் 911 அவசர அழைப்பு. மூக்கில் ஒரு தரம் மருந்து. மூச்சுக் கொடுப்பது, நெஞ்சை அழுத்துவது. இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்தது. ஓபியாய்ட் எடுக்காதவருக்குத் தவறி அடித்தாலும் கெடுதல் இல்லை.

அக்கா அழுத்திச் சொன்னது குறட்டையைப் பற்றி. தொண்டைக்குள் கரகரவென்று இழுப்பதைக் கேட்டு, ‘நல்ல நித்திரை’ என்று விட்டுவிடுகிறோம். அது மூச்சு அடைபடும் சத்தமாக இருக்கலாம். மூச்சு அடங்கினால் உதடு நீலமாகும் என்பார்கள், எங்கள் நிறத்துக்கு அப்படித் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், பல் முரசையும் (ஈறு) நகத்தையும் பாருங்கள் என்றார். இதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். பிறகு ஆள் திரும்பவும் மயங்கலாம். எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒண்டுமில்லை” என்றாலும் அம்புலன்ஸ் வரும்வரை விட்டுப் போகக் கூடாது.

அம்புலன்ஸ் என்றதும் பொலிஸ் பயம் வந்துவிட்டது. 2017இல் வந்த நல்ல சமாரியர் சட்டம், உதவிக்கு அழைத்தவரையும் அந்த இடத்தில் இருப்பவர்களையும் சொந்தப் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றுகிறது. விற்பனைக்கு அது பொருந்தாது. இளம் பெடியள் இரண்டு பேர் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் இழுபட்டது, பையை எங்கே வைப்பது என்பதுதான். சங்கத்துச் சாமான் எல்லாம் தலைவர் அண்ணாவின் கார் டிக்கியில். ஜனவரிக் குளிரில் மருந்து உறைந்துவிடும், கோடையில் வெந்துவிடும். இப்போது அது செயலாளர் வீட்டில், காலாவதித் திகதி எழுதி ஒட்டியபடி இருக்கிறது. ஒன்றுகூடலுக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. கோயில் மண்டபத்திலும் ஒன்று வைக்கக் கேட்டிருக்கிறோம். திருவிழா முடியட்டும் என்கிறார்கள்.