அச்சில் படம் இருண்டு போவது ஏன்?

திரையில் பளிச்சென்று தெரிந்த ஒளிப்படம் அச்சில் இருண்டு வந்தால், பெரும்பாலோர் உடனே பிரிண்டரையோ மையையோதான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் மானிட்டரின் பிரைட்னஸில்தான் இருக்கிறது. பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கும் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளிரக்கூடியவை. மங்கலான அறையில் அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே திருத்துகிறவர், நிழற்பகுதிகளில் வேண்டிய விவரம் இருப்பதாக நம்பி, உண்மையில் இருண்டே கிடக்கும் கோப்பை அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். காகிதத்துக்கோ சொந்த ஒளி கிடையாது.

ஆகவே முதலில் பிரைட்னஸை 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் கொண்டுவர வேண்டும். எந்த எண் சரி என்பதை அறையின் வெளிச்சமே தீர்மானிக்கும். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, அச்சிடப்போகும் காகிதத்தில் ஒரு வெற்றுத் தாளை, அச்சைப் பார்க்கும் அதே விளக்கடியில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தாள் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் திரையின் ஒளி இன்னும் அதிகம் என்று பொருள்.

நிறத்தைச் சீராக்குவதற்குக் கண்ணை நம்ப முடியாது. நீலம் பாய்ந்த வெள்ளையையும் அது சிறிது நேரத்தில் வெள்ளையாகவே ஏற்றுக்கொண்டுவிடும். இதற்குத் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவி வேண்டும். மானிட்டர் அரை மணி நேரமாவது இயங்கிச் சூடேறிய பின்பு, நைட் மோட், தானியங்கி பிரைட்னஸ் ஆகியவற்றை அணைத்துவிட்டு, கருவி திரையோடு இடைவெளியின்றிப் படியுமாறு தொங்கவிட வேண்டும். ஒயிட் பாயின்ட் (திரை வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின், காமா (இடைநிலைச் சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைக் குறிப்பது) 2.2 என்பவை தொடங்குவதற்கு ஏற்ற இலக்குகள். மென்பொருள் நிறக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட, கருவி அவற்றை அளக்கிறது; அந்த அளவுகளைக் கொண்டு, திரை நிறங்களைக் காட்டும் இயல்பை ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பாக மென்பொருள் பதிவுசெய்கிறது. வேலை முடிந்ததும் திரை மஞ்சளடித்ததுபோல் தோன்றக்கூடும். கண் பழகும்வரை எதையும் மாற்றாதிருப்பதே நல்லது.

அடுத்து, கறுப்பிலிருந்து வெள்ளைவரை செல்லும் சாம்பல் பட்டையைத் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது இளஞ்சிவப்போ பச்சையோ தட்டினாலும், படிப்படியாகக் கோடுகள் விழுந்தாலும், திரையின் நிறத் திருத்தம் சரியாக அமையவில்லை. திருத்தத்தை கிராஃபிக்ஸ் கார்டில் ஏற்றும்போது இக்கோடுகள் எளிதில் வந்துவிடும். திருத்தத்தைத் தனக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளும் மானிட்டர்களில் இத்தொல்லை குறைவு.

இவ்வளவு செய்தும் திரையும் அச்சும் அப்படியே ஒத்துப்போய்விடாது. சாதாரண ஐபிஎஸ் வகை எல்சிடி திரையின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், ஏறத்தாழ 1000:1. பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அது 100:1-ஐக்கூட எட்டுவதில்லை. அந்த இழப்பைத் திரையிலேயே முன்கூட்டிக் காட்டும் மென்பொருள் வசதிதான் சாஃப்ட் ப்ரூஃப். அதில் காகிதத்துக்குரிய புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, காகித வெண்மையைக் காட்டும் வசதியையும் இயக்கினால், படம் சட்டென்று வெளிறிப்போகும். பலர் அதைக் கண்டதும் அணைத்துவிடுகிறார்கள். என் கருத்தில், நிழல்களைத் தூக்கவும் கான்ட்ராஸ்டைச் சரிசெய்யவும் அந்த வெளிறிய தோற்றமே சரியான வழிகாட்டி. படத்தின் நிறங்களை அச்சுக்கு ஏற்ப மாற்றும் பெர்செப்ச்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற இரு முறைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்: முன்னது அடர்நிறங்களின் படிநிலைகளைக் காக்க மற்ற நிறங்களையும் சற்றே நகர்த்தும், பின்னது அச்சுக்கு எட்டாத நிறங்களை மட்டும் வெட்டும். பளபளக்கும் பூவிதழ்களுக்கு முன்னதும், முகங்களுக்குப் பின்னதும் எனக்குப் பெரும்பாலும் ஒத்துவருகின்றன.

முழு அளவில் அச்சிடுவதற்கு முன், நிழலும் தோல் நிறமும் இருக்கும் ஒரு சிறு பகுதியை அதே காகிதத்தில் அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்த பின்பு, படம் தொங்கப்போகும் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்ப்பது காகிதத்தையும் மையையும் மிச்சப்படுத்தும்.