ஓவியம் படிச்சவ கேம் பண்ணக் கத்துக்கிட்ட கதை

நான் படிச்சது பெயின்டிங், வேலை சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுறது, கணக்குக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாவதோட முடிஞ்சு போச்சு. இப்போ என் லேப்டாப்ல நானே எழுதின ஒரு சின்ன கேம் ஓடுது. மொட்டை மாடியில பழைய வேட்டிய விரிச்சு கூழ் வடகம் காயுது, காக்கா வந்து வந்து கொத்தப் பாக்குது, பாட்டி குச்சிய எடுத்துக்கிட்டு ஓடி ஓடி விரட்டணும், அவ்ளோதான் கேம். படம் வரையுறவங்க நிறைய பேர் கோடிங்னாலே நமக்கு வராதுன்னு ஒதுங்கிடுறாங்க, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஏன்னா நம்ம கைல ஏற்கனவே இருக்கிற வித்தைல பாதி அங்க அப்படியே செல்லுபடியாகுது.

வழக்கமான ப்ரோக்ராமிங் பாடமெல்லாம் ரெண்டு நம்பரைக் கூட்டு, மார்க் லிஸ்ட் போடுன்னு கறுப்பு ஸ்க்ரீன்ல எழுத்தாவே போகும், எனக்கு அதுல மனசு ஒட்டல. அதனால கோட் எழுதிப் படம் வரைய உதவுற பி5 ஜேஎஸ்ங்கிற கருவில ஆரம்பிச்சேன். 2001ல கேசி ரியாஸ், பென் ஃப்ரைன்னு ரெண்டு பேர் அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல கலைஞர்களுக்காகவே ப்ராசசிங்னு ஒரு ப்ரோக்ராமிங் கருவிய ஆரம்பிச்சாங்க, அதே எண்ணத்தை பி5 ஜேஎஸ்ஸா ப்ரௌசருக்குக் கொண்டு வந்தது லாரன் மெக்கார்த்திங்கிற கலைஞர். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ப்ரௌசர்ல எடிட்டரைத் திறந்து ஒரு வரி எழுதினா வட்டம் வந்துடும். அதுல நாம எழுதுற ப்ரோக்ராமுக்குப் பேரே ஸ்கெட்ச்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சது கலர் விஷயம், சாதாரணமா சிவப்பு பச்சை நீலம்னு மூணு நம்பர்ல கலர் சொல்லணும், ஆனா கலர் மோடை ஹெச்எஸ்பின்னு மாத்திட்டா நிறம், அடர்த்தி, வெளிச்சம்னு நாம பேலட்ல யோசிக்கிற மாதிரியே சொல்லலாம், சாயங்கால வானத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு லூப்பை, அதாவது ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற வரிகளை, ஓட்டியே வரைஞ்சேன், லூப்னா என்னன்னு புரிஞ்சது அன்னிக்குத்தான்.

அடுத்து அசைவு. ட்ராங்கிற பங்ஷன், அதாவது ஒரு பேர் வச்சுக் கட்டி வச்ச கோட் வரிகள், நொடிக்கு சுமாரா 60 தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் பின்னணிய அழிச்சு வட்டத்தை ரெண்டு பிக்சல் தள்ளி வரைஞ்சா அது நகருற மாதிரி தெரியும், ஃப்ளிப்புக் பண்ணினவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு வரி கத்துக்கிட்டேன், இத எல்லாரும் எழுதிப் பாக்கணும்: வட்டம் இருக்கிற இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரத்துல பத்துல ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது ட்ரா ஓடுற ஒவ்வொரு தடவையும், கூட்டிக்கிட்டே வாங்க. வேகமாப் புறப்பட்டு மெதுவா வந்து உக்காரும். அனிமேஷன்ல ஈஸிங்னு சொல்லித் தர்றாங்களே, எத்தனையோ படம் வரைஞ்சு கொண்டு வர்ற அந்த நளினம் ஒரே வரில வந்து நின்னப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

கொஞ்சம் கை பழகின பிறகு கேம் பண்றதுக்குன்னே இருக்கிற கோடோங்கிற மென்பொருளுக்கு மாறினேன். அர்ஜென்டினாக்காரங்க உருவாக்கி 2014ல எல்லாருக்கும் இலவசமாத் திறந்து விட்ட எஞ்சின், காசு கிடையாது, நாம விக்கிற கேம்ல பங்கும் கேக்காது. பழைய லேப்டாப்னா ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே ரெண்டரர்ல, அதாவது படத்தை ஸ்க்ரீன்ல வரைஞ்சு காட்டுற பகுதில, கம்பேட்டபிலிட்டிங்கிறத எடுங்க, என்னுது 4 ஜிபி ராம், சின்ன 2டி கேமுக்கு நல்லாவே ஓடுது. பிக்சல் ஆர்ட், அதாவது சின்னச் சின்னக் கட்டமா படம், போடுறவங்க டெக்ஸ்சர் ஃபில்டர்ங்கிற செட்டிங்கை நியரஸ்ட்னு வைக்கணும், இல்லன்னா ஒவ்வொரு பிக்சலும் மங்கிப் போய் தெரியும். ஸ்க்ரீனை 320க்கு 180ன்னு வச்சேன், சரியா ஆறு மடங்கு பெருசாக்கினா 1920க்கு 1080 வந்துடும், எந்தப் பிக்சலும் நசுங்காது.

இங்க ஒரு கண்டிஷன் எனக்கு நானே போட்டுக்கிட்டேன். விளையாட்டு சரியா வர்ற வரைக்கும் படம் வரையக் கூடாது. பாட்டி ஒரு சாம்பல் கட்டம், காக்கா ஒரு கறுப்புக் கட்டம், வடகம் மஞ்சப் புள்ளி. வரையுற கைய சும்மா வச்சிருக்கிறது கஷ்டம்தான், ஆனா கட்டமா இருந்தாத்தான் ஆட்ட விதிய மாத்த மனசு வரும், அழகா வரைஞ்சிட்டா அதத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

ரெண்டு இடத்துல நின்னு யோசிக்க வேண்டி வந்துச்சு. ஒண்ணு, பாட்டி மூலைவாக்குல போகும்போது மட்டும் வேகம் கூடுச்சு. வலதுக்கு ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டும் சேர்ந்தா ஒரு கட்டத்தோட மூலைவிட்டம், அது பக்கத்தை விட 1.41 மடங்கு நீளம், பேப்பர்ல கட்டம் போட்டுப் பாத்ததும் விளங்கிடுச்சு. திசைய மட்டும் வச்சுக்கிட்டு நீளத்தை ஒண்ணாக்குற நார்மலைஸ்டுன்னு ஒரு வார்த்தைய கோட்ல சேத்தா எல்லாத் திசையிலயும் ஒரே வேகம். இன்னொண்ணு காக்கா. அது பறக்குது, உக்காருது, கொத்துது, பயந்து ஓடுது, இத எல்லாத்தையும் இப்படி இருந்தா இத செய்யின்னு இஃப் இஃப்னு எழுதிக்கிட்டே போனா எங்க என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டோரிபோர்டு மாதிரி நாலு கட்டம் வரைஞ்சு, எந்தக் கட்டத்துல இருந்து எதுக்குப் போகலாம்னு அம்புக்குறி போட்டு, அத அப்படியே கோடா எழுதினேன், இதுக்கு ஸ்டேட் மெஷின்னு பேராம். காக்கா ஒரு நேரத்துல ஒரு நிலைலதான் இருக்கும், அந்த நிலைக்கு உண்டான வேலைய மட்டும்தான் பாக்கும். படமாப் போட்டதால எனக்கு இது பாரமாவே இல்ல.

விளையாட்டு ஒரு வழிக்கு வந்ததும் அண்ணன் பையன்கிட்ட குடுத்தேன். நான் எதுவும் சொல்லித் தரல, பக்கத்துல உக்காந்து பாத்தேன். அவன் பாட்டிய நடுவுல நிறுத்திட்டு பட்டனை மட்டும் அமுக்கிக்கிட்டே இருந்தான், "அத்தை, இங்கயே நின்னா போதும், எல்லாக் காக்காவும் ஓடுது"ன்னான். குச்சி எட்டுற தூரம் அவ்ளோ இருந்துச்சு. அத பாதியாக் குறைச்சேன், காக்கா ரெண்டு ரெண்டா எதிரெதிர் மூலைல இறங்குற மாதிரி மாத்தினேன், அடுத்த தடவை அவன் சீட்டு நுனிக்கு வந்துட்டான். பிள்ளைங்க விளையாடுறதப் பாக்குறத விட பெரிய பாடம் எனக்கு எந்த வீடியோலயும் கிடைக்கல.

அதுக்கப்புறம்தான் வரைஞ்சேன், எவ்ளோ ஆசையா வரைஞ்சேன்னு சொல்லித் தெரியணுமா. பாட்டி குச்சிய வீசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால சாயுற ஒரு ஃப்ரேம், காக்கா தரைல உக்காரும்போது லேசா அமுங்கி எழுற ஒரு ஃப்ரேம், குச்சி காக்காவ நெருங்கின நொடில எல்லாமே 0.05 செகண்ட் உறைஞ்சு நிக்கிறது. இந்த மூணும் சேர்ந்ததும் அதே விதி, அதே வேகம், ஆனா கைக்கு வேற கேமாத் தெரிஞ்சுது. அப்புறம் யார் முன்னால யார் பின்னாலங்கிற விஷயம், ஸ்க்ரீன்ல கீழ நிக்கிறவங்க முன்னால தெரியணும், கோடோல ஒய் சார்ட்ங்கிற செட்டிங்கை ஆன் பண்ணினா அதுவே பாத்துக்கும், ஆனா ஒவ்வொரு உருவத்துக்கும் ஆதாரப் புள்ளி பாதத்துல இருக்கணும், நடு வயித்துல இருந்தா பாட்டி வேட்டிக்கு அடியில போன மாதிரி ஆயிடும். உருவத்தைத் தரைல எங்க நிறுத்துறதுன்னு காலேஜ்ல அவ்ளோ பாத்திருக்கோம்ல, அதே கண்ணுதான் இதுக்கும்.

எரர் வந்தா சிவப்பா ஒரு வரி வரும், எந்த வரில சிக்கல்னு நம்பரோட சொல்லும், முதல்ல அந்த நம்பருக்குப் போங்க, இங்கிலீஷ் முழுசாப் புரியலன்னாலும் பரவால்ல. முக்காவாசி நேரம் இல்லாத ஒண்ண இருக்கிறதா நெனச்சுக் கூப்பிட்டிருப்போம், விரட்டி முடிச்சு அழிஞ்சு போன காக்காவத் தேடுற மாதிரி.

இப்போ ஆடுபுலி ஆட்டத்தை எடுத்திருக்கேன், 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இதுல ஓட்டம் இல்ல, எந்தப் புள்ளில இருந்து எந்தப் புள்ளிக்குப் போகலாம்னு ஒரு பட்டியல்தான் மொத்த ஆட்டமும், ஆனா புலிய கம்ப்யூட்டர் ஆடணும்னா அது எந்த ஆட்டை வெட்டலாம்னு யோசிக்கணுமே, அத எழுத இப்போதான் பேப்பரும் பென்சிலுமா உக்காந்திருக்கேன். படம் வரையுறவங்க யாராவது பண்ணிப் பாக்குறதா இருந்தா, ஒரு வட்டத்தை நகர்த்திப் பாத்துட்டு எழுதுங்க, எங்க நின்னாலும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.