பிரேக் பிடிக்க மறுபடியும் கற்றுக்கொண்டது

கோவையில் நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் வழங்கும் சிறு தொழில் நடத்தி வருகிறேன். திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் என்று தொழில் நிமித்தம் 25 ஆண்டுகளாக நானேதான் கார் ஓட்டிப் போகிறேன். சொல்லும்படியாக ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை. இந்த அனுபவம் பந்தயத் தடத்தில் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையோடுதான் 47ஆம் வயதில் முதன்முதலாகக் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் உட்கார்ந்தேன். அந்த அனுபவமே என் காலைக் கட்டிப்போட்டிருந்தது என்பது தெரியவர ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின.

தொடக்கம் தற்செயலானது. என் மகனின் பிறந்தநாளுக்காக அவனையும் அவன் நண்பர்களையும் வாடகைக் கார்ட் தடம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு கார்ட் மீதமிருக்கவே நானும் ஏறிக்கொண்டேன். ஏழு பேரில் ஆறாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவனின் கார்ட் இரண்டு முறை சுவரோரத் தடுப்பில் மோதி நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடகைக் கார்ட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஜெனரேட்டர்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின்தான். 6 முதல் 9 குதிரைத்திறன் வரை தரும். அவ்வளவு குறைந்த சக்தியில் 45 கிலோ சிறுவனுக்கும் 82 கிலோ எடையுள்ள எனக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நேர்ப்பாதையில் அல்ல, வளைவுகளில்தான் அவர்கள் என்னை விட்டு விலகிப் போனார்கள் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து கூட்டமில்லாத வேலைநாள் காலைகளில் தனியாகப் போகத் தொடங்கினேன். பத்து நிமிட ஓட்டம், அரை மணி நேர ஓய்வு, மறுபடியும் பத்து நிமிடம். ஐந்து மாதங்கள் இப்படிப் போன பிறகு, அங்கே பழக்கமான மெக்கானிக் ஒருவரின் வழிகாட்டுதலில் உண்மையான பந்தயக் கார்ட்டுக்கு மாறினேன். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் கொண்டது அது; சுமார் 30 குதிரைத்திறன் என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஓட்டுநரையும் சேர்த்து மொத்த எடையே 170 கிலோவுக்குள் அடங்கும் ஒரு வண்டியில், தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், சீட் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்த எண்ணின் பொருள் வேறு. பெல்ட் இல்லாதது கவனக்குறைவு அல்ல. கூரையோ, ஓட்டுநரைக் காக்கும் கம்பிச் சட்டமோ இல்லாத வண்டி கவிழ்ந்தால் அதனோடு கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே விழுவதே மேல் என்ற கணக்கில்தான் கார்ட்டுகளை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கார்ட்டுக்குக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டியிருப்பதால், வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும். அப்படிச் சுழன்றால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வமைப்பும் சட்டத்தின் நெகிழ்வும் சேர்ந்து உட்புறப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கிவிடுகின்றன. அது தூக்கியிருக்கும் ஒரு கணத்தில்தான் கார்ட் உண்மையில் திரும்புகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு மாலை போதும். இடுப்பால் உணர எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. கண்ணாடியிழை இருக்கையின் விளிம்பு விலாவில் இடித்து இடித்து, முதல் வாரத்திலேயே மூச்சை இழுத்தால் வலிக்கும் நிலை வந்தது. விலாக் காப்புக் கவசத்தை மூன்றாம் நாள் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். முன்கைகள் மரத்துப்போய், ஓட்டம் முடிந்த கையோடு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் மெக்கானிக்கிடம் நீட்டியதும் உண்டு.

அந்தக் காலத்தில்தான் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், நான் கேட்காமலேயே, ஆனால் மரியாதையோடு, என் நோயைக் கண்டு சொன்னான். "அங்கிள், நீங்க பிரேக்கைத் தடவிக்கிட்டே வர்றீங்க. அடிச்சுப் புடிச்சு, அப்புறம் மெல்ல விடுங்க" என்றான்.

இருபத்தைந்து ஆண்டுச் சாலைப் பழக்கம் அந்த ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. சாலையில் நாம் தூரத்திலேயே லாரியைப் பார்த்துவிட்டு முதலில் மெல்ல அழுத்துகிறோம், நெருங்க நெருங்க அழுத்தத்தைக் கூட்டுகிறோம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாயாமல் நிறுத்துவதே நல்ல ஓட்டுநருக்கு அடையாளம். தடத்தில் இது அப்படியே தலைகீழ். வேகம் அதிகமாக இருக்கும் முதல் நொடியில் முழுப் பலத்தோடு அழுத்தி, வளைவுக்குள் வண்டி திரும்புகிற அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். என் தொழிலின் மொழியில் சொன்னால், டயரிடம் இருக்கும் பிடிப்பு கையிருப்புப் பணம். அதில் எவ்வளவு பிரேக்குக்குச் செலவாகிறதோ அவ்வளவு திரும்புவதற்குக் குறையும். நான் வளைவின் நடுவில் போய்ப் பிரேக்கை அழுத்தியபோதெல்லாம், திரும்புவதற்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்துச் செலவழித்துவிட்டுக் கடனில் சுழன்று நின்றுகொண்டிருந்தேன். காரணம் தெரிந்த பிறகும் கால் கேட்கவில்லை. சாலையில் ஓட்டியே இராத அந்தப் பையனுக்கு மறப்பதற்கு எதுவுமில்லை; எனக்கோ, கற்பதில் பாதி நேரம் மறப்பதற்கே போயிற்று.

கார்ப் பந்தயத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் வந்ததும் காகித வேலைகள் தொடங்கின. இந்தியாவில் போட்டி உரிமம் வழங்குவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. அதன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்எம்எஸ்சிஐ என்பார்கள். விண்ணப்பம் எளிதாகவே முடிந்தது. நேரம் எடுத்தது மருத்துவச் சான்றுதான். இரண்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதை நான் மறைக்கவில்லை. ஆகவே டிரெட்மில் சோதனை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று குடும்ப மருத்துவர் சொல்லிவிட்டார். தீப்பிடிக்காத இழை ஆடையும் ஹெல்மெட்டும் அணிந்து, கொங்கு வெயிலில், இதயம் வேகமாகத் துடிக்கும் நிலையிலேயே இருபது நிமிடம் இருக்கப் போகிறவர் அந்தச் சோதனையை அலுப்பாகக் கருதக் கூடாது. அதோடு என் காப்பீட்டுப் பத்திரங்களையும் எடுத்துப் படித்தேன். நம் வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. சொந்தக் காரைத் தடத்துக்கு ஓட்டிப்போய் 'சும்மா பார்க்கலாம்' என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை படிப்பது நல்லது. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தேன். என் மனைவி கேட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை அதுதான்.

கோவைக்காரனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. செட்டிபாளையத்தில் 2003இல் தொடங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. மாருதி 800இன் இஞ்சினை வைத்து 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கி, நடுத்தரச் செலவில் பந்தயம் ஓட்ட வழிசெய்த எஸ்.கரிவர்தனின் பெயரைத் தாங்கியது அந்தத் தடம். 2005இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் ஃபார்முலா மாருதியில்தான். இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஊரில், 48 வயதில் பந்தயப் பயிற்சிப் பள்ளிக்குப் போவதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எல்லோரும் என்னிடம் சொன்னது அஜித் குமாரைப் பற்றி: 2025 ஜனவரியில், 53 வயதில், பயிற்சியில் விபத்துக்குள்ளான சில நாட்களிலேயே துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் களமிறங்கி, தம் அணி அதன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதைக் கண்டவர். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் 54 வயதில், 1979இல், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் இருவருக்கும் அந்த வயதுக்குள் பல ஆண்டுப் பந்தயப் பழக்கம் இருந்தது. என்னிடம் இருந்தது திண்டுக்கல் சாலைப் பழக்கம்.

பள்ளியில் கொடுத்தது மாருதியின் 1300 சிசி இஞ்சின் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார். முதல் அரை நாள் முழுவதும் வகுப்பறைதான்: மஞ்சள் கொடி என்றால் முந்தக் கூடாது, மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரையில் எண்ணெயோ வழுக்கலோ இருக்கிறது, நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் காரில் கோளாறு, உள்ளே வா. பிறகு ஸ்டியரிங்கைக் கழற்றி, பெல்ட்டை விடுவித்து, எழுந்து வெளியேறும் பயிற்சி. என் முழங்கால்கள் அந்தக் குறுகிய பொந்திலிருந்து கிளம்ப எடுத்துக்கொண்ட நேரத்தைப் பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லாமல் கடிகாரத்தை மட்டும் காட்டினார். அன்றிரவு தொடங்கிய முழங்கால் பயிற்சியை இன்றும் விடவில்லை.

யாரும் எச்சரிக்காத ஒரு சிக்கல் கண்ணாடியில் இருந்தது. தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்த புரோகிரெசிவ் லென்ஸ் அணிகிறேன். ஒற்றை இருக்கைக் காரில் ஏறக்குறைய மல்லாந்து படுத்த நிலையில் உட்கார வேண்டியிருப்பதால், முன்னால் பார்க்கும்போது பார்வை லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக, அதாவது படிப்பதற்கான பகுதி வழியாகப் போகிறது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகைகள் இரண்டு நாட்கள் எனக்குக் கலங்கலாகவே தெரிந்தன. வயதாகிவிட்டது, வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரண லென்ஸ், ஹெல்மெட்டுக்குள் நுழையும் மெல்லிய சட்டம், காதுக்குப் பின்னால் ஒரு பட்டை என்று மாற்றியதும் அடுத்த நாளே சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் குறைந்தது. மீட்டர்களைப் படிக்க முடியாமல் போனது உண்மைதான். கியர் மாற்ற இஞ்சினின் ஓசையையே நம்பக் கற்றுக்கொண்டேன்.

கியரைக் குறைக்கும்போது கால்விரல்களால் பிரேக்கை அழுத்தியபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டும் வித்தையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நான் இன்னும் மூன்றில் ஒரு முறை தவறவிடுகிறேன்.

முதல் பந்தயம் பத்துச் சுற்றுகள். சுமார் 2.1 கிலோமீட்டர் தடத்தில் 21 கார்கள். தகுதிச் சுற்றில் 19ஆம் இடம். விளக்கு அணைந்தபோது நான் பயந்ததுபோல் நெஞ்சு படபடக்கவில்லை. நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் வளைவில் எனக்கு முன்னால் இரண்டு கார்கள் உரசிப் புழுதிக்குள் போயின, எட்டாம் சுற்றில் ஒருவர் சுழன்று நின்றார், ஒருவரை நானே, பிரேக் பிடிப்பதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, முந்தினேன். பதினைந்தாவதாக முடித்தேன். முன்னணியில் இருந்தவர்களைவிடச் சுற்றுக்குச் சராசரியாக 3.8 நொடி பின்தங்கியிருந்தேன். காரைவிட்டு இறங்கி நிற்க மெக்கானிக் தோள்கொடுக்க வேண்டியிருந்தது.

மாலையில் பயிற்சியாளர் நேரப்பட்டியலை மேசைமேல் விரித்தார். மூன்றாம் சுற்றிலிருந்து பத்தாம் சுற்று வரை என் நேரங்கள் 0.7 நொடிக்குள் அடங்கியிருந்தன, ஒன்றைத் தவிர. எட்டாம் சுற்றின் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, "இங்க என்னாச்சுங்க சார்?" என்று கேட்டார். எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. நேர்ப்பாதையின் முடிவில், தூரத்தில் சுழன்று நின்ற காரைப் பார்த்ததும், மஞ்சள் கொடி கூட இல்லாத இடத்தில், யாரையும் குலுக்காமல் நிறுத்தும் நல்ல ஓட்டுநராக, முன்கூட்டியே, மெல்லத் தடவியிருந்தேன்.