காத்து போனா?

“அண்ணை, காத்து போனா இது என்ன செய்யும்?”

என்னோடு வேலை செய்த பெடியன் கேட்டது இவ்வளவுதான். எங்கள் சோடாத் தொழிற்சாலையில் உருண்டு வரும் கிரேட்டுகளை, காற்றழுத்தத்தால் ஏறி இறங்கும் ஒரு ரொட்டால் மறித்து நிறுத்துவது ஸ்டொப்பர் சிலிண்டர். அதன் கடைசி போல்ட்டை நான் இறுக்கிக்கொண்டிருந்தேன், அவன் டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தான். “கரண்ட் போனா ரொட் மேலதான் நிக்கும், பயப்பிடாத, குழாயை அப்பிடித்தான் மாட்டியிருக்கிறன்” என்றேன். அவன் “ம்” என்றான். லைனைப் போட்டோம். கிரேட் வந்து முட்டி நின்றது, ரொட் இறங்க அது போனது, அடுத்தது வந்து நின்றது. சரி என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம்.

அவன் கேட்டது காற்றைப் பற்றி. நான் பதில் சொன்னது கரண்டைப் பற்றி. இது எனக்கு உறைக்க ஏழெட்டுக் கிழமை எடுத்தது, அதுவும் தானாக உறைக்கவில்லை.

இலங்கையில் 2022 எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, டொலரும் டீசலும் கரண்டும் தட்டுப்பட்ட வருசம். பெப்ரவரியில் பழைய ஸ்டொப்பர் இறுகிப்போனது. மேசையில் வைத்துக் கழற்றினால் முதலில் வந்தது தண்ணீர், தேத்தண்ணிச் சாயம் போலத் துருக் கலந்த தண்ணீர். பிறகு ஸ்பிரிங், மூன்று துண்டாக. ரொட் ஏறி இறங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது, விரலை விட்டால் மேடும் பள்ளமும் தெரிந்தது. மேல் ரப்பர் சீலைச் சுற்றி சோடாச் சீனி காய்ந்து கறுப்புப் பசையாக ஒட்டியிருந்தது, அதில் மண்.

புஷ் தேய்ந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சாதாரண சிலிண்டர் தள்ளவும் இழுக்கவும் மட்டும்தான், அதன் ரொட்டில் பக்கவாட்டாக அடி விழுந்தால் சில மாதத்தில் வளைந்துவிடும். ஸ்டொப்பர் சிலிண்டருக்குப் பக்க அடி வாங்குவதே வேலை, அதனால்தான் ரொட் அவ்வளவு தடிப்பு, புஷ் அவ்வளவு நீளம். வருசக்கணக்கில் அடி வாங்கினால் தேயத்தான் செய்யும். ஆனால் ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்தது அப்படியில்லை. மாரி முழுக்கக் கொம்பிரசர் ஈரக் காற்றை இழுத்து அமுக்குகிறது, தாங்கியில் அது ஆறும்போது தண்ணீராக இறங்குகிறது. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் எங்களிடம் இல்லை. ஒவ்வொரு காலையும் தாங்கியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடவேண்டும், இரண்டு நிமிட வேலை. அதற்கென்று சுவரில் ஒரு அட்டை தொங்கும், பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். அட்டையில் எல்லா நாளும் சரி அடையாளம் இருந்தது. எல்லா நாளும் வால்வு திறந்ததா என்று கேட்காதீர்கள்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் தெரிந்த கடைக்குப் போன் அடித்தேன். அதே 50 மில்லிமீற்றர் விட்டம், 30 மில்லிமீற்றர் ஓட்டம், ஆனால் ஸ்பிரிங்கால் மேலே வரும் ஒற்றைச் செயல் வகை கையிருப்பில் இல்லை. ஓடர் போடலாம், எப்போது வரும் என்று சொல்லமுடியாது, டொலர் இல்லை. அதே அளவில் இரட்டைச் செயல் வகை ஒன்று இருக்கிறது, மேலே போகவும் காற்று, கீழே வரவும் காற்று. இன்று பணம் போட்டால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவான். லைன் நின்று இரண்டு நாள். மனேச்சர் சேர் மணிக்கு ஒருதரம் வந்து “என்ன மாதிரி?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். வாங்கச் சொன்னேன்.

அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று நினைக்கவேண்டாம், கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். நிரம்பிய கிரேட் ஒன்று கிட்டத்தட்ட 17 கிலோ. பலர் விடும் பிழை, முட்டுகிற ஒரு கிரேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் சேர்ந்து வருகிறதை விட்டுவிடுவது. நான் வரிசையில் நிற்கும் ஏழு கிரேட்டையும் சேர்த்து 119 கிலோ என்று போட்டேன். வேகத்தையும் அளந்தேன், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. 50 மில்லிமீற்றர் சிலிண்டர் 6 பார் காற்றழுத்தத்தில் 1,180 நியூட்டன் அளவில் தள்ளும், அதாவது ஏறத்தாழ 120 கிலோ பாரத்தைத் தூக்குகிற பலம். பக்கத்தில் கிரேட்டுகள் அழுத்திக்கொண்டு நிற்கும்போதும் ரொட்டைக் கீழே இழுக்கப் பலம் போதுமா, லைன் கடைசியில் அழுத்தம் 5 பாருக்கு இறங்குகிறதே, அதற்கும் தாங்குமா, எல்லாம் பார்த்தேன். வால்வையும் யோசித்தேன். வால்வைக் கரண்டால் திருப்பும் சொலினொயிட்டுக்குக் கரண்ட் இல்லாத நிலையில் காற்று அடிப்பக்கம் போய் ரொட்டை மேலே பிடிக்கவேண்டும் என்று குழாயை மாற்றி மாட்டினேன். கரண்ட் போனால் திறந்துவிடாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் அவனுக்கு அந்தப் பதிலைச் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். நான் யோசித்து வைத்திருந்த கேள்வியை அவன் கேட்டதாகவே என் காதில் விழுந்தது.

லைனில் மற்ற இடமாக இருந்திருந்தால் இந்தப் பதில் போதும். கரண்ட் போனால் பெல்ட்டும் நிற்கும், கிரேட் எங்கே போவது? ஆனால் இந்த ஸ்டொப்பர் இருப்பது பெல்ட் முடிந்த பிறகு, லொறி மேசைக்கு இறங்கும் சாய்வு உருளையில். நான்கு மீற்றர், மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் இறக்கம். அங்கே மோட்டரே இல்லை. பூமியின் இழுவைக்கு மின்வெட்டு இல்லை.

அதே இடத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். அவன் கேட்கும்போது சாய்வின் மேல்பக்கம் பார்த்தானா? பார்த்தான் என்று சில இரவில் நிச்சயமாகத் தோன்றும். டோர்ச் வெளிச்சம் ஒருக்கால் மேலே போய் வந்தது போல ஞாபகம். அது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பெப்ரவரியில் கரண்ட் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் போகும். தாங்கியில் காற்று இருந்தது, ரொட் மேலே நின்றது. நானும் “பாத்தியா?” என்று ஒருநாள் அவனுக்குக் காட்டினேன். அதுவும் நினைவிருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் ஏழு மணித்தியாலத்தைத் தாண்டியது, மாதக் கடைசியில் பத்து, பிறகு பதின்மூன்று. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. எங்கள் குழாய் இணைப்புகளில் இரண்டு மூன்று இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று எப்போதும் கசியும், கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யாருக்கும் பெரிய விசயமாகத் தெரிவதில்லை.

அன்றைக்கு லொறி டீசல் வரிசையில் நின்றது. அதனால் ஏழு கிரேட்டும் சாய்வில் அப்படியே நின்றன. கரண்ட் போய் நாலு மணித்தியாலம் இருக்கும். பெண்கள் லொறி மேசையில் சாய்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த இடத்தில்தான் காற்றோட்டம். நான் கொம்பிரசர் அறையில். தொழிற்சாலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை, வெளியே புளுனிகள் கத்துவது கேட்டது. அப்போது உருளைகள் சுற்றும் சத்தம் கேட்டது. கடகடவென்று. கரண்ட் இல்லாத நேரத்தில் உருளை ஏன் சுற்றுகிறது என்று ஒரு கணம் நின்று யோசித்தேன், பிறகுதான் ஓடினேன்.

காற்று முழுக்கப் போன பிறகும் ரொட் உடனே விழாது, பக்கத்தில் அழுத்தும் சுமையின் உராய்வே அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். எது அசைத்ததோ தெரியாது, விழுந்துவிட்டது. அங்கே நின்ற பெண்களில் ஒரு அக்காவின் இடது கை மேசை முனைத் தகட்டில் இருந்தது. மோதிர விரலும் சின்ன விரலும் முறிந்தன. அவர் கத்தவில்லை, கிரேட்டைத் தள்ளி எடுக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கையை எடுத்த பிறகு சொன்ன முதல் சொல், “போத்தில் ஏதும் உடைஞ்சதோ?”

அறிக்கையை நான்தான் எழுதினேன். “நீண்ட மின்தடையால் காற்றழுத்தம் முற்றாக இழக்கப்பட்டு ஸ்டொப்பர் கீழிறங்கியது.” ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிலிண்டர் வகை மாறியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பழைய ஸ்பிரிங் சிலிண்டராக இருந்தால் காற்று இல்லாமலே மேலே நின்றிருக்கும், அதற்காகத்தான் லைனைப் போட்டவர்கள் அந்த இடத்தில் அதை வைத்தார்கள் என்பதையும் எழுதவில்லை.

எனக்காக நான் சொல்லிக்கொள்வதும் உண்டு. ஸ்டொப்பர் கிரேட்டை நிறுத்தத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல, அதை நம்பி யாரும் வழியில் கை வைக்கக் கூடாது. அது உண்மை. முனையில் ஒரு தடுப்பு இருந்திருக்கவேண்டும், அது என் கையில் இல்லை. அதுவும் உண்மை. வேறு சிலிண்டர் நாட்டிலேயே இல்லை. சரி, ஆனால் ஒரு மரக்கட்டை நாட்டில் இல்லையா? கரண்ட் போனால் உருளைக்குக் குறுக்கே ஒரு கட்டையை வை என்று சொல்ல எனக்கு எந்த டொலர் தேவைப்பட்டது? இங்கே வந்ததும் என் நியாயம் எல்லாம் நின்றுவிடும், அடுத்த நாள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

அவன் ஒருநாளும் “நான் அண்டைக்கே கேட்டனான்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டு, ஏதாவது ஏசி, அதோடு முடிந்திருக்கும். கத்தாருக்குப் போகிறான் என்று விடைபெற வந்த அன்று நானே கேட்டேன், “தம்பி, அண்டைக்கு நீ என்னத்தை நினைச்சு அப்பிடிக் கேட்டனி?” அவன் எதைப் பற்றி என்றே கேட்கவில்லை. “சும்மா கேட்டனான் அண்ணை” என்றான். எதைப் பற்றி என்று கேட்காததில்தான் எனக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்துதான் கேட்டிருக்கிறான், நான் சொன்ன விதத்தில் வாயை மூடிக்கொண்டான். இல்லை, உண்மையிலேயே சும்மா கேட்டதாகவும் இருக்கலாம், அந்த வயதில் நானும் எல்லாவற்றுக்கும் என்ன, ஏன் என்று கேட்டுக்கொண்டு திரிந்தவன்.

இப்போது புதுப் பெடியளுக்கு எது மாட்டினாலும் கரண்ட் போனால் என்ன, காற்று போனால் என்ன என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லவைக்கிறேன். போன மாதம் ஒருவன் அப்படிச் சொல்லத் தொடங்க, லொறி காத்து நிற்குது, முதல் வேலையை முடியடா என்று நானே கத்தினேன்.

ஸ்பிரிங் வகை அந்த வருசக் கடைசியில் வந்தது, மாட்டிவிட்டேன். அக்காவும் அதற்கு முதலே திரும்பி வேலைக்கு வந்துவிட்டார், சின்ன விரல் முழுதாக மடங்காது. அவர் வரும்போதே வீட்டிலிருந்து ஒரு பாலைக் கட்டை கொண்டுவந்தார், கிணற்றடியில் கிடந்ததாம், ஒரு முழம் நீளம், நல்ல பாரம். கரண்ட் போனால் எழும்பிப் போய் உருளைக்குக் குறுக்கே அதை வைத்துவிட்டுத்தான் இருப்பார். புதுச் சிலிண்டர் மாட்டிய அன்று, “இனி அது தேவையில்லை அக்கா, உள்ளுக்கு ஸ்பிரிங் இருக்கு, காத்து இல்லாட்டியும் நிக்கும்” என்றேன்.

“இருக்கட்டும் தம்பி” என்றார்.

நானும் பேசாமல் விட்டேன். முதலில் மூன்று துண்டாக வந்ததும் ஸ்பிரிங்தானே. கட்டை இப்போதும் அந்த மேசைக்குக் கீழே கிடக்கிறது, ஒரு பக்கம் சோடா பட்டுக் கறுத்துப்போய்.