பசிக்காதபோதும் சாப்பிட்ட காலம்

எனக்கு அனோரெக்சியா நெர்வோசா இருந்தது; சாப்பாட்டைத் தாமே குறைத்துக்கொண்டே போய் உடம்பை ஆபத்தான அளவுக்கு மெலிய வைக்கும் மனநல நோய் அது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தொடங்கிய அந்த நோய், அதன் பெயர் எங்கள் வீட்டுக்குத் தெரியவருவதற்கு நெடுநாள் முன்பே என் உடம்பில் குடியேறிவிட்டது. நான் யாரிடமும் குண்டாகிவிட்டேன் என்று புலம்பியதில்லை. கண்ணாடி முன் நின்று அழுததுமில்லை. வயிறு நிறைந்த மாதிரியே இருக்கிறது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். அதை வாயுத் தொந்தரவு என்று எண்ணிய அம்மா ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் வைத்துக் கொடுத்தார்.

வயிறு நிறைந்த உணர்வு பொய்யல்ல. நெடுநாள் போதிய உணவு கிடைக்காத உடம்பில் இரைப்பை காலியாவதே மெதுவாகிவிடும். நான்கு கவளம் சோறு மணிக்கணக்கில் அங்கேயே கிடப்பதாகத் தோன்றும். ஹாங்காங்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் சிங் லீ, உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தை வெளிப்படுத்தாமல் வயிற்று உப்புசத்தையே காரணமாகச் சொன்ன அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி 1990களிலேயே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநல நோய்களை வரையறுக்கும் தன் கையேட்டை 2013இல் திருத்தியபோது, அந்த அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை கூடுவதைத் தொடர்ந்து தடுக்கும் நடத்தை இருந்தாலே போதும் என்று வரையறையை விரித்தது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. எங்களைப் போன்ற குடும்பங்களில் இந்த நோய் கண்ணில் படாமல் போவதற்கு அந்தப் பழைய வரையறையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணம் விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று நாள்காட்டியில் எனக்கு இடம் நிறைய இருந்தது, ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டேன். "இந்த வயசுல இப்படியொரு பக்தியா" என்று பக்கத்து வீட்டு அக்கா வியந்தார். விரதமில்லாத நாள்களில் சோற்றில் ரசத்தை நிறைய ஊற்றிப் பிசைந்து தட்டு முழுவதும் பரப்புவேன், பொரியலைக் கறிவேப்பிலைக்கு அடியில் ஒதுக்குவேன், எல்லோரும் கை கழுவப் போகும் நேரம் பார்த்துத் தட்டைக் கழுவித் தொட்டியில் போட்டுவிடுவேன். அம்மிச்சி ஒருத்திதான் தட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். "விரல் ஏன் கண்ணு இப்படிச் சில்லுன்னு கெடக்குது?" என்று சித்திரை வெயிலில் கேட்டாள்.

மாதவிடாய் நின்றபோது போன இடத்தில், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்காமல் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையால் உதிரம் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நிம்மதியடைந்தது. உள்ளே சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரக்கவே இல்லை, எலும்பு பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கடைசியில் மயங்கி விழுந்த பிறகு பார்த்த மனநல மருத்துவர் முதலில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். இதயத் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால், இன்சுலின் சுரந்து ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்களுக்குள் போய்விட, இதயமே தடுமாறக்கூடும் என்பதால், தொடக்கத்தில் சிறிது சிறிதாக, தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையோடு, ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே உணவைக் கூட்டினார்கள்.

மனம் தெளிந்தால் சாப்பாடு தானாக இறங்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மருத்துவர் அதைத் திருப்பிப் போட்டார்: முதலில் சாப்பாடு, மனம் பிறகு வரும். அதற்கு அவர் எடுத்துச் சொன்னது அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 முதல் 1945 வரை ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வை. போருக்குச் செல்ல மனச்சான்று இடம்கொடாத 36 ஆரோக்கியமான இளைஞர்கள், 24 வாரம் தங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியில் வாழ்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை கிடையாது. ஆனாலும் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள், நண்பர்களை விட்டு விலகி மனம் சோர்ந்தார்கள். இரவில் விழித்திருந்து சமையல் காணொளிகளைப் பார்த்துக்கொண்டும், வீட்டிலுள்ளவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டு நான் தொடாமலும் இருந்ததை என் குணம் என்றே எண்ணியிருந்தேன். அது பட்டினியின் குணம் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

ஆகவே பசிக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இத்தகைய நோய்களுக்கு வகுத்த சிகிச்சை முறையிலும் இதுவே அடித்தளம். கேட்பதற்கு எளிது. மருந்துபோல மணி பார்த்துச் சாப்பிட்ட அந்த நாள்களில் ஒரு இட்லிக்கு முன்னால் நான் நடுங்கியிருக்கிறேன். அம்மா எதிரே உட்கார்ந்து, கெஞ்சாமல், திட்டாமல், "மணி பதினொன்னு ஆச்சு கண்ணு" என்று மட்டும் சொல்லி, டம்ளர் காலியாகும்வரை எழாமல் இருந்தார். எடை பார்க்கும் இயந்திரம் வீட்டைவிட்டுப் போனது; மருத்துவரிடம் மட்டுமே எடை பார்த்தோம். கால் வீங்கியது, வயிறு மட்டும் முதலில் உப்பியது, இதற்குமேல் வேண்டாம் என்று பலமுறை கத்தினேன். எடை ஓரளவு ஏறிய பிறகுதான் மனநல ஆலோசனையில் பேசிய சொற்கள் மண்டையில் நின்றன.

கல்யாண வீடுகள்தாம் மிகக் கடினம். "இப்பத்தான் பூசினாப்புல இருக்கே" என்று சொந்தக்காரர்கள் மனதாரப் பாராட்டுவார்கள். அந்த ஒரு வரி அடுத்த வேளைச் சோற்றைத் தொண்டையில் நிறுத்திவிடும். என் உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட யாரும் பேச வேண்டாம் என்று சித்திதான் எல்லோரையும் தனித்தனியே அழைத்துச் சொன்னார். அந்த உதவிக்கு ஈடாக நான் எதையும் சொல்ல முடியாது.

இப்போது பசி பெரும்பாலும் சரியான நேரத்தில் வருகிறது. வராத நாளிலும் சாப்பிட்டுவிடுகிறேன். சஷ்டிக்குக் கோயிலுக்குப் போகிறேன், விரதம் இருப்பதில்லை. எலும்பின் அடர்த்தி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

உங்கள் வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 2022 முதல் இயங்கும் இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது எவ்வளவு காலமாகச் சாப்பாடு குறைந்தது, மயக்கம் வந்ததா, மாதவிடாய் எப்போது நின்றது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெகுவாக மெலிந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரே நாளில் நிறைய ஊட்டிவிடாமல், முதலில் ஈசிஜியும் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.