மழைக்காலத்தில் ஒரு பட்டுப் படலம்

ஜூன் 17, செவ்வாய்

உடம்பில் மருந்தை மெல்ல மெல்ல விடும் பட்டுப் படலம் செய்து பார்க்கிறோம், அதற்குத் தருமபுரியிலிருந்து பட்டுக்கூடு வந்துவிட்டது. வெட்டிக் கூட்டுப்புழுவை நீக்கிவிட்டு, கூட்டை மட்டும் சோடியம் கார்பனேட் கரைசலில் 30 நிமிடம் கொதிக்கவிட்டேன். நூலைச் சுற்றியிருக்கும் செரிசின் என்ற பசை கரைந்து தண்ணீர் வழவழவென்று ஆகிறது. மிஞ்சுகிற ஃபைப்ரோயின்தான் நமக்கு வேண்டிய புரதம். அலசிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே விரித்திருக்கிறேன், நாகர்கோவில் மழைக்கு எப்போது காயுமோ.

தக்கலை மாமா போனில், "சாமிக்கே பட்டுதான் சாத்துறோம், அது உடம்பை என்ன செய்யும் மக்கா?" என்றார். செய்யும். காயம் தைக்கிற பழைய பட்டு நூல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதற்கு, இந்தச் செரிசின் மிச்சம் இருந்ததையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 21, சனி

காய்ந்த பட்டை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் 60 டிகிரியில் 4 மணி நேரம் வைத்துக் கரைத்ததை, உப்பை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி இரண்டு நாளாகத் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைப் போக்கியாயிற்று. மருந்துக்குப் பதிலாக முதலில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்து தட்டில் ஊற்றினேன், வெளியே வருவது கண்ணுக்கே தெரியும் அல்லவா.

மருந்து ஏற்ற ஏற்கெனவே பி.எல்.ஜி.ஏ. என்ற மக்கும் பிளாஸ்டிக் இருக்கும்போது இது எதற்கு என்று ஜூனியர் கேட்டாள். அது உடையும்போது அமிலம் விடுகிறது, உள்ளே இருப்பது இன்சுலின் மாதிரிப் புரத மருந்து என்றால் கெட்டுப்போகலாம். பட்டு அமினோ அமிலமாக உடைகிறது. புரதத்தில் மருந்து ஏற்றுவதும் புதுசில்லை, ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஏற்றிய பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

காய்ந்த படலத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைந்து, நீலம் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. மெத்தனாலில் முக்கி எடுத்தது கரையவில்லை. புரதச் சங்கிலிகள் நெருங்கி, பீட்டா ஷீட் என்கிற இறுக்கமான தாள் அமைப்பாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம், அந்த அடுக்கு கூடக் கூட மருந்து வெளியேறும் வேகம் குறையும். அதாவது எவ்வளவு நாள் மருந்து வர வேண்டும் என்பதை நாமே ஓரளவு முடிவு செய்துகொள்ளலாம், எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான். ஆனால் முக்கும்போதே மெத்தனாலிலும் நீலம் இறங்கியது, எரிச்சலாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

மெத்தனால் வேண்டாம் என்று, மூடிய கலத்தில் அடியில் தண்ணீர் வைத்து ஆவியிலேயே படலத்தை விட்டோம். மெதுவாக நடந்தாலும் அடுக்கு உருவாகிறது, சாயம் எங்கேயும் போகவில்லை. ஈரம் படக்கூடாத மீதிப் படலங்களைச் சிலிக்கா ஜெல் டெசிகேட்டரில் பூட்டினேன், இந்த ஊர் ஜூன் காற்றை நம்ப முடியாது.

தண்ணீரில் போட்ட முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்புச் சாயம் சட்டென்று வருவதுதான் பாக்கித் தொல்லை. திங்கட்கிழமை மேலே சாயம் கலக்காத பட்டுக் கரைசலை இன்னொரு பூச்சாகப் பூசிப் பார்க்க வேண்டும்.