வீட்டு ஜெபமும் ஞாயிறு பள்ளியும்

சபையில் பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். வேதாகமத்தின் உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடம்தான் பேசுகிறது: வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் அப்போஸ்தலன் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

குடும்ப ஜெபம் நீண்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பாயை விரித்துவிடுகிறோம். பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டு, வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம். இளையவன் விரலை வரியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பான். 'மேய்ப்பராயிருக்கிறார்' என்ற இடத்தில் தடுக்கி நிற்பான். யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை, அவனே வாசித்து முடிக்கிறான். எதிர்வீட்டுத் தாத்தாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டவனும் அவன்தான்.

சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆராதனையில் குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். வெட்கத்தோடு எழுந்து வெளியே போகும் தாய், அடுத்த வாரம் வராமலேயே இருந்துவிடக்கூடும். அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.